தடுப்புத் தண்ணீரும் சிவப்பு மருந்தும்

எங்கள் தோட்டத்தில் ஓடைத் தடுப்பில் குளித்து இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பேருக்கும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பியவன் நான்.

டாக்டர் இல்லாத தோட்டத்தில் டிரெசர் வேலை பாதி மருந்து, பாதி சந்தேகம். காலையில் வரிசையில் நிற்கும் இருபது பேரில் யாருக்கு உண்மையில் உடம்பு சரியில்லை, யாருக்கு வேலைக்குப் போக மனமில்லை என்று ஆளுக்கு அரை நிமிடத்தில் முடிவு கட்ட வேண்டும். தவறாக லீவு எழுதினால் துரை கூப்பிடுவார். தவறாக வேலைக்கு அனுப்பினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள், அந்தப் பக்கம் நின்றவர்களும் இருப்பீர்கள். உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

இடம் கேமரன் மலை. தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எழுபதுகளின் நடுவில் நடந்தது.

சிவப்புத் தண்ணீர்

என்னிடம் இருந்த மருந்துகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். காய்ச்சலுக்கு வெள்ளை மாத்திரை. காயத்துக்கு மஞ்சள் மருந்து. மற்ற எல்லாவற்றுக்கும் பெரிய ஜாடியில் சிவப்பு மருந்து. பென்சிலின் ஊசி உண்டு. அது அலமாரியில் பூட்டிக் கிடக்கும். நான் அதை லேசில் வெளியே எடுக்க மாட்டேன்.

பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் முன்பே என் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கவாத்து ஆள் ராமையா நோயாளியாக வந்தது குறைவு. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அவருக்கு. திடமான ஆள். யாராவது நோயாளிக்குத் துணையாக வருவார், வந்து வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டார். ஒரு நாள் ஒரே வரிசையில் தலைவலிக்காரன், பல்வலிக்காரன், வயிற்றுவலிக்காரன் மூவருக்கும் நான் சிவப்பு மருந்தை ஊற்றியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"ஐயா, இந்த ஜாடி காலியாப் போச்சுன்னா தோட்டத்துல நோயே இருக்காது போல."

தடுப்பு

லயத்துக்கு ஒரு குழாய். ஒரு லயத்தில் பத்து வீடு. காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும், தண்ணீரும் நூல் மாதிரிதான் வரும். பெண்கள் பிடித்து, பிள்ளைகள் குளித்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் ஆம்பளைகளுக்கு முறை வரும். பெரும்பாலும் வராது.

லயத்துக்குக் கீழே ஓர் ஓடை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சின்னக்கண்ணு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதை மறித்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கழித்த பலகை, மண் நிரப்பிய சாக்கு, கல். நெஞ்சளவு தண்ணீர் நின்றது. உச்சிப் பொழுதில் வெயில் விழுந்து கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். மலையில் அது பெரிய சுகம். ஞாயிறு வந்தால் தோட்டத்து ஆம்பளைகள் பாதிப் பேர் அதற்குள் கிடந்தார்கள். நீச்சல் தெரியாதவன் நீச்சல் படித்தான். முதல் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கையில் அள்ளிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. மலைத் தண்ணீர், சுத்தமானது என்று சொன்னேன். கேட்டார்கள், சொன்னேன். சின்னக்கண்ணுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"துரை வீடு, துரை ஸ்டோரு, துரை காடு. நாம நமக்குன்னு கட்டினது இது ஒண்ணுதான் ஐயா. இதுல அவருக்குப் பங்கு இல்ல லா."

கவாத்துக் காலம்

கவாத்து வெட்டிய செடியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு குச்சியும் சீவிய ஈட்டி. சரிவில் ஏறி இறங்கும் ஆளின் கால் முழுக்கக் கீறல். தடுப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் கீறல் எரிச்சல் அடங்குகிறது, காயம் சீக்கிரம் காய்கிறது என்று ஒரு பேச்சு ஆட்களிடையே இருந்தது. அந்தப் பேச்சுக்கு நானும் காரணம். காயத்தை ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவு என்று எல்லாரிடமும் சொல்வேன். ஓடுகிற தண்ணீர் இப்போது நிற்கிற தண்ணீர் ஆகிவிட்டது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ராமையா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். இந்த முறை நோயாளியாக. காய்ச்சல். கெண்டைக்கால் கழன்று விழுவது போல வலிக்கிறது என்றார். "நாள் பூரா சரிவுல நின்னா வலிக்காமயா இருக்கும்?" என்றேன். மாத்திரை கொடுத்து அனுப்பினேன். வியாழக்கிழமை மறுபடி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "நேத்து எந்த சம்சுக் கடையில குடிச்சுட்டு உக்காந்திருந்த?" என்று கேட்டேன். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். ராமையாவும் சிரித்தார். இன்னும் நாலு மாத்திரை. சனிக்கிழமை மஞ்சளாகக் கிடந்தார், ஒன்றுக்குப் போகவில்லை. லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திங்கள் காலையில் முடிந்துவிட்டது. காமாலை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் சம்சாரம் பவுனம்மாள் என்னிடம் வந்தார். கொழுந்து எடுக்கிறவர். அதிகம் பேசாதவர். மிச்சம் இருந்த மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து மேசைமேல் வைத்தார்.

"குடிச்சதாலதான் கண்ணு செவந்துச்சுன்னீங்களே ஐயா. அவரு குடிக்கவே மாட்டாரே."

குப்புசாமி

கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றுகிறவர் குப்புசாமி. தனிக்கட்டை. சின்னக்கண்ணு வீட்டில் சாப்பாடு. ராமையா போய் ஒரு மாதம் இருக்கும். காய்ச்சல், உடம்பு வலி, வாந்தி. இவருக்குக் கண் சிவக்கவில்லை. அதனால் ராமையாவுக்கு வந்தது இல்லை என்று முடிவு செய்து, மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பினேன். நான் எதையும் சீக்கிரமாக முடிவு செய்கிற ஆள். வேலை அப்படிப் பழக்கியிருந்தது.

மூன்றாம் நாள் அவரே லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார், மூட்டை ஏற்ற இல்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வழியெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் முனகினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

"சின்னக்கண்ணு அண்ணங்கிட்ட சொல்லுங்க ஐயா, ஞாயித்துக்கிழம நான் வரலன்னு. எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

ஒரு கேள்வி

ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். குப்புசாமி இறந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பெண் என்ன கேட்டுவிடப் போகிறாள் என்ற நினைப்போடு போனேன். அவர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்க ஆளுங்க எங்க குளிக்கிறாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். தடுப்பு, ஞாயிற்றுக்கிழமை, கவாத்துக் காயம் எல்லாம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காயம் வழியாக உடம்பில் ஏறும், பத்து நாள் போலச் சும்மா இருந்துவிட்டுக் காய்ச்சலாக வரும், ஈரலையும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும் என்றார். முதல் இரண்டு மூன்று நாளிலேயே பென்சிலின் போட்டால் பெரும்பாலும் பிழைப்பார்கள் என்றும் சொன்னார். என் அலமாரி நினைவுக்கு வந்தது. சாவி என் பையில்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல், அது மலைத் தண்ணீர் டாக்டர், சுத்தமானது என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஏன் மிஸ்டர், மலையில எலி இல்லையா?"

மேலே போய்ப் பார்த்தது

மறுநாள் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. எங்கள் எல்லை தாண்டியதும் காய்கறித் தோட்டங்கள். கரையோரம் கோழி எரு மூட்டைகள் குவிந்து கிடந்தன. விலை போகாத முட்டைக்கோஸ் மலையாக அழுகிக் கிடந்தது. பட்டப்பகலில் எலிகள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. பூனைக்குட்டி அளவு எலிகள். சரி, குற்றம் மேலே இருப்பவன்மேல் என்று ஒரு நிம்மதியோடு திரும்பினேன்.

திரும்பும்போது எங்கள் லயத்துச் சாக்கடையைப் பார்த்தேன். கொஞ்சம் வளைந்து, தடுப்புக்கு இருபது அடி மேலே அதே ஓடையில்தான் விழுந்தது. அதிலும் எலி வளை. காய்கறித் தோட்டத்திலிருந்து என் பின்னாலேயே இறங்கி வந்த ஒரு கிழவர் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தார். தமிழில் சொன்னால் இதுதான்:

"கீழே இருக்கிறவர்கள் இன்றைக்குத்தான் மேலே வந்தீர்களா?"

எலி

கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். பாடம் நடத்த எனக்கு வராது. நாலு வாக்கியத்தில் முடித்தேன். தண்ணீரில் எலி மூத்திரம் இருக்கிறது. காயம் வழியாக ஏறும். ராமையா அதில்தான் போனார். குப்புசாமியும் அதில்தான் போனார். குளிக்காதீர்கள்.

சின்னக்கண்ணு எழுந்தார். கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. உண்மையாகவே கேட்டார். மலையில் இருக்கிற எலி அத்தனையும் சேர்ந்து ஒன்றுக்குப் போனாலும் அவ்வளவு தண்ணீரில் அது எம்மாத்திரம்? முந்நூறு பேர் குளித்த தண்ணீரில் இரண்டு பேருக்கு மட்டும் எப்படி வந்தது? எனக்கே அப்போது முழுதாகத் தெரியாது. டாக்டரம்மா சொன்னார் என்றேன். அது பதில் இல்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

"நம்ம அரிசி மூட்டையில எலி ஒண்ணுக்குப் போகாத நாள் உண்டா ஐயா? அதுல சாகணும்னா நாம எல்லாம் எப்பவோ போயிருக்கணும் லா."

போர்டு

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி ஒரு போர்டு எழுத வைத்தேன். கிராணிக்கு எழுத்து முத்து முத்தாக வரும். மலாயில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் எங்கே என்று கேட்டேன். இடம் போதவில்லை என்றார். குளிக்கிறவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். மூன்றாவது வரிக்கு வேறு பலகை தேடிப் பிடித்து ஆணி அடித்தோம். ஒரு வாரம் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். போர்டு இருந்தது, எழுத்துத் தெரியவில்லை. மேலே நாலு துண்டு, இரண்டு சட்டை, ஒரு கைலி. தண்ணீரிலிருந்து ஒருவன் தலையைத் தூக்கிச் சொன்னான்:

"நல்ல எடமாப் பாத்து நட்டிருக்கீங்க ஐயா, வெயில் நல்லாப் படுது."

துரை

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அப்போது மேனேஜர் நம் நாட்டுக்காரர்தான். நாற்காலியின் பெயர் மட்டும் மாறவில்லை. தடுப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எடுத்தால் ஆட்கள் குழாய் கேட்பார்கள், குழாய்க்குக் கோலாலம்பூரிலிருந்து கடிதம் வர வேண்டும் என்றார். கடிதம் எப்போது வரும்? எழுதினால் வரும். எப்போது எழுதுவீர்கள்? அவர் ஜன்னலைப் பார்த்தார்.

நான் குரலை உயர்த்திவிட்டேன். இரண்டு உயிர் போயிருக்கிறது என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. விசாரித்து வைத்திருந்தார்.

"நான் யாரையும் குளிக்கச் சொல்லலையே டிரெசர். காயத்தத் தண்ணியில கழுவுங்கன்னு சொன்னது நீங்கதானே?"

கெண்டைக்கால்

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் குனிந்து கெண்டைக்காலை அழுத்துவேன். பிறகுதான் நெற்றி. வரிசையில் நிற்பவர்கள், டிரெசருக்கு மூளை கலங்கிவிட்டது, தலைவலிக்குக் காலைப் பிடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

மூன்று வாரம் கழித்து முனியன் என்கிற கவாத்து ஆள் வந்தான். அழுத்தியதும் கத்தினான். அலமாரியைத் திறந்து பென்சிலின் போட்டுவிட்டு, அடுத்த லோரியிலேயே தானா ராத்தாவுக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தான். இளைத்திருந்தான், ஆனால் வந்தான். அவனைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ராமையா செவ்வாய்க்கிழமை வந்து நின்ற இடத்தில்தான் இவனும் நின்றான். அதே மேசை, அதே அலமாரி. முனியனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? லோரியில் ஏறும்போது அவன் புலம்பியதை மட்டும் சொல்கிறேன்:

"எப்பவும் பொய்க் காய்ச்சலுன்னு வெரட்டுவீங்க. ஒரு நாளு நெசக் காய்ச்சலுன்னு ஒத்துக்கிட்டீங்க, அதுக்கு இந்தப் பாடா ஐயா?"

பவுனம்மாள் கேட்டது

முனியன் பிழைத்த செய்தி லயமெல்லாம் பரவியது. அன்று மாலை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பவுனம்மாள் வந்தார். கூடையின் பட்டை நெற்றியில் பதித்த தடம் அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவன் எப்படிப் பிழைத்தான் என்று கேட்டார். ஊசி என்றேன். அந்த ஊசி அப்போது இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அலமாரியைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தண்ணீர்தான் காரணம் என்பது நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். கூட்டம் போட்டுச் சொன்னதை, போர்டு நட்டதை, துரையிடம் போனதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். எவ்வளவு செய்திருக்கிறேன் என்று நானே அப்போதுதான் கேட்பது போல இருந்தது. கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்புறம் ஏன் ஐயா இன்னும் அங்க தண்ணி நிக்குது?"

சங்கூல்

மண்வெட்டியை எங்கள் பக்கம் சங்கூல் என்போம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆம்பளைகள் துண்டோடு இறங்கும் முன்பே, பவுனம்மாள் சங்கூலோடு தடுப்பில் நின்றார். சாக்குகளைக் கிழித்தார். பலகையை நெம்பினார். கால் மணி நேரத்தில் தண்ணீர் முழுக்க ஓடிவிட்டது. அடியில் சேறு, அழுகிய கோஸ் இலை, ஊதிப்போன எலி இரண்டு. பார்த்த பிறகாவது புத்தி வரும் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் மறுபடி கட்டிவிட்டார்கள். எலியைத் தூரப் போட்டுவிட்டுக் கட்டினார்கள்.

அடுத்த வாரம் மறுபடி உடைத்தார். மறுபடி கட்டினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர்மேல் கை வைக்க எவனுக்கும் துணிவில்லை, வாய்க்குத்தான் பஞ்சமில்லை. கரையில் நின்று சின்னக்கண்ணு கத்தினார். "ஓம் புருசன் போயிட்டான்னா ஊருல ஒருத்தனும் குளிக்கக் கூடாதா?" பவுனம்மாள் நிமிரவில்லை. தோட்டத்துப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நானே ஒரு சங்கூலை எடுத்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கவில்லை. உத்தியோகஸ்தர்களுக்குக் கொடுக்கும் ஸ்டாப் வீட்டில் இருப்பவன், வெள்ளைச் சட்டைக்காரன், ஆட்களுக்கு எதிரே மண்வெட்டி பிடிப்பதில்லை. அப்படி ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை நான் அன்றைக்கும் காப்பாற்றினேன்.

செய்தது இவ்வளவுதான்: என் ரப்பர் பூட்ஸைப் பவுனம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டினேன். கையில் காயத்தோடு அந்தத் தண்ணீரில் இறங்காதே, கொஞ்ச நாள் பொறு, கடிதம் வரட்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"கட்டு மட்டும் போடுங்க ஐயா. யோசன வேணாம்."

இரண்டு பேர்

எத்தனை ஞாயிறு என்று எனக்கு நினைவில்லை. மழைக் காலம் தொடங்கி முடிந்தது. கட்ட வந்தவர்கள் முதலில் பத்துப் பன்னிரண்டு பேர். பிறகு ஆறு. பிறகு மூன்று. ஒருத்தனுக்கு இடுப்பு வலி, ஒருத்தனுக்குப் பிரிஞ்சாங் டவுனில் வேலை, ஒருத்தன் பெண்டாட்டி கதவைச் சாத்திவிட்டாள். முனியன் குழாயடியோடு நின்றுகொண்டான். கடைசியில் சின்னக்கண்ணு ஒருவர்தான் கட்டினார். பவுனம்மாள் ஒருவர்தான் உடைத்தார். சின்னக்கண்ணு கட்டிவிட்டுக் குளிப்பதும் இல்லை. நானே பார்த்திருக்கிறேன். சாக்கில் மண் நிரப்பி, அடுக்கி, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு இடம் விட்டு உட்காருவார். குப்புசாமி எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருவாராம். அதை எனக்கு யாரோ சொன்னார்கள். சின்னக்கண்ணு சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு நான் பூட்ஸைத் திரும்ப வாங்கப் போனேன். பவுனம்மாள் பலகையெல்லாம் எடுத்துவிட்டார். சாக்கும் போய்விட்டது. அடியில் ஒரு பெரிய கல் மட்டும் குறுக்கே கிடந்தது. அதை எடுக்காதவரை முழங்கால் அளவு தண்ணீர் நின்றுகொண்டேதான் இருக்கும். நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி நெம்பினார். கரையில் சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தார். அன்று கையில் சாக்கு இல்லை. கத்தவும் இல்லை. எழுந்தார். கைலியை மடித்துக் கட்டினார். பூட்ஸ் இல்லாமல் இறங்கப் பார்த்தவரை நான் அதட்டி நிறுத்தினேன். என் காலில் இருந்த பழைய பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு இறங்கினார். பவுனம்மாளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தள்ளு தங்கச்சி. இத நகத்த ஒன்னால ஆகாது. இத வச்சவன் நான்தான்."

பல மாதம் கழித்து ஹெல்த் ஆபீஸிலிருந்து வந்தவர் தடுப்பை அகற்றியது யார் என்று கேட்டபோது துரை என்னைப் பார்த்தார், நான் கிராணியைப் பார்த்தேன், கிராணி தன் பேனாவைப் பார்த்தார், அகற்றியவரோ அந்த நேரம் மேல்காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார், பெயர் பவுனம்மாள்.